வடிவு வீட்டு உறை

"உங்க வீட்டுல தயிர் ஒழுங்கா உறையுதா?"

பனிப்பெட்டியும் கையுமாக ஒரு டாக்டர் வந்து நின்று இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மூன்றாம் மாடி நடைகூடத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தாய் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"என்ன டாக்டரம்மா, பொண்ணு பாக்க வந்தவிய மாதிரி கேக்கீய? எங்க வீட்டுத் தயிரக் கவுத்துப் பிடிச்சாலும் விழாது. பாத்திரத்தக் கொண்டாரட்டா, உங்க தலைக்கு மேல கவுத்துப் பாப்போம்."

"உறையாத வீடு ஏதாவது இந்த அடுக்குல இருக்கா?"

"இருந்தா அந்த வீட்டுக்கு என்ன குடுக்கப் போறீய? மிக்ஸியா?"

டாக்டர் ஷமீமா சிரிக்கவில்லை. காலையிலிருந்து கீழ்த்தளம் முதல் ஒவ்வொரு கதவாகத் தட்டி இதே கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். எல்லா வீட்டிலும் தயிர் நன்றாக உறைந்தது. எல்லா வீட்டிலும் அது வடிவு வீட்டு உறை.

"யாராவது சொல்லத் தயங்குறாங்களா?"

"பால் உறையலன்னு எந்தப் பொம்பள வெளிய சொல்லுவா? புள்ள பரிச்சையில தோத்ததக்கூடச் சொல்லிருவா, இதச் சொல்ல மாட்டா." பாக்கியத்தாய் எதிர்க் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எக்கா, கனியக்கா! உன் மருமகளப் பாக்க டாக்டரம்மா வந்திருக்காவ. ஒன்கிட்டயும் தயிரு விசாரணை இருக்காம்!"

செந்தூர்க்கனி கதவைத் திறந்தாள்.

"உறையுது" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. "நல்லா உறையுது."

பொய். வடிவு செத்த நாளிலிருந்து அவள் வீட்டில் ஒரு நாள்கூடப் பால் உறைந்ததில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்னால், கடல் காற்றாலைகளில் வேலை பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி அது. கனியின் மகன் மிதுன் பதினைந்து நாள் கடலுக்குள்ளே காற்றாலையில் இருப்பான், பதினைந்து நாள் வீட்டில் இருப்பான். இப்போது கடலில் இருந்தான். மருமகள் இலக்கியா தாய் இல்லாத பெண். பேறுகாலத்துக்கு இங்கேயே இருந்துவிட்டாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாசலை அடைத்துக் கிடந்ததால் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வலி எடுக்கும்வரை காத்திருக்கக்கூட முடியாது. வலி எடுத்தால் ரத்தம் போய்விடும்.

கிழிப்பது அந்தக் காலத்தில் பெரிய காரியம் இல்லையாம். கனியே ஒரு வயிற்றுக் கிழிப்பில் பிறந்தவள்தான். பிறகு மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. குடலுக்குள் சும்மா கிடந்த கிருமிகள் மாறி மாறிப் பிறந்து, எந்த ஊசிக்கும் அடங்காமல், கத்தி பட்ட இடத்தில் எல்லாம் ஏறிக்கொண்டன. பல் பிடுங்கிய ஆள் சீழ்பிடித்துச் செத்தான். அதன் பிறகு வந்ததுதான் காவல் தயிர். ஆஸ்பத்திரியில் மூடி ஒட்டிய சின்ன டப்பாவில் கொடுப்பார்கள். அதற்குள் இருக்கும் கிருமி குடலுக்குள் போய் உட்கார்ந்து கெட்ட கிருமியைக் கொல்லும். காவல் இருக்கிற உடம்பை மட்டும்தான் அறுப்பார்கள்.

டப்பா மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும்: உறை ஊற்றக் கூடாது.

தயிரைக் கையில் கொடுத்து, உறை ஊற்றாதே என்று தமிழ்நாட்டில் சொன்னால் யார் கேட்பார்கள்?

"காவல் இருக்கா டாக்டர்?" கட்டிலில் சாய்ந்திருந்த இலக்கியா கேட்டாள்.

"இருக்கும்மா. ஆனா அது நாங்க குடுத்த காவல் இல்ல."

"பின்ன?"

"உன் வயித்துல இருக்குறது வடிவம்மா தயிர்."

எதிர் வரிசையின் கடைசி வீட்டு வடிவு. போன ஆனியில் செத்துப்போன வடிவு.

"அதுவும் டப்பாவிலிருந்து வந்ததுதான?" என்றாள் இலக்கியா.

"வந்ததுதான். நாங்க குடுக்குற கிருமிக்கு ரெண்டு வேலை. பால உறைய வைக்கணும். உள்ள போய் ஒரு விஷத்தக் கக்கிக் கெட்டத சாகடிக்கணும். அந்த விஷத்தச் செய்யுறது அதுக்குப் பெரிய சுமை. நீங்க ஒவ்வொரு தடவ உறை ஊத்தும்போதும் அது கோடி கோடியாப் பெருகுது. பெருகுறதுல ஒண்ணு ரெண்டு மாறிப் பொறக்கும். விஷம் செய்யத் தெரியாத ஒண்ணு பொறந்துருச்சுன்னு வைங்க. அதுக்குச் சுமை கிடையாது. அதனால மத்ததவிட வேகமாப் பெருகும். வேகமாப் பெருகினா என்ன ஆகும்?"

"தயிர் கெட்டியா உறையும்" என்றாள் கனி, மெதுவாக.

"எந்த வீட்டுத் தயிர் கெட்டியா இருக்கோ, அந்த வீட்டுலதானே எல்லாரும் உறை கேப்பீங்க?"

ஆஸ்பத்திரித் தயிர் தண்ணியாகக் கிடக்கும், புளிக்கும். வடிவு உறை ஊற்றினால் மார்கழிக் குளிரிலும் கத்தியால் அறுக்கலாம். வாசலில் கிண்ணத்தோடு வரிசை நிற்கும். அவள் கைராசி என்றார்கள்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து, நல்ல தயிரா பாத்துப் பாத்து, வேலை செய்யாத காவலாளியப் பொறுக்கி எடுத்திருக்கீங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன். உங்க எடத்துல எங்க உம்மா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க."

"அப்ப வடிவு அத்தை செத்தது..."

"அவங்க ஒடம்புலதான் காவல் முதல்ல தூங்கிப்போச்சு. கெட்ட கிருமி ஏறும்போது தடுக்க ஆள் இல்ல."

கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரி, தூங்குறத வெளியேத்திட்டுப் புதுசா ஒண்ணு வைக்கதுதான? நாலு டப்பா சேத்துக் குடுங்க, இவ குடிப்பா."

"எத்தன குடிச்சாலும் உள்ள இடம் இல்லம்மா. முதல்ல உக்காந்தது எழும்பாது. மருந்தாலயும் கொல்ல முடியாது. நோயாளி வேற மருந்து சாப்பிட்டாலும் காவல் சாகக் கூடாதுன்னு, எல்லா மருந்தையும் தாங்குற மாதிரி செஞ்சதே நாங்கதான்."

"நல்லாச் செஞ்சீய போங்க!"

டாக்டர் அதை வாங்கிக்கொண்டாள். "ஒரே ஒரு வழி இருக்கு. கிருமியத் தின்னுற வைரஸ். மனுஷங்கள ஒண்ணும் செய்யாது. ஆனா ஒவ்வொரு வைரஸும் ஒரு கிருமியத்தான் தின்னும். எங்ககிட்ட இருக்குற எதுவும் வடிவம்மா தயிரத் தொட மாட்டேங்குது. அதுக்குன்னு பொறந்தது எங்கயாவது இருக்கணும். அது புகுந்த வீட்டுல பால் உறையாது. அதனாலதான் அப்படி ஒரு கேள்வி கேட்டுக்கிட்டு அலையுறேன்."

"கிடைக்கலன்னா?"

டாக்டர் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காவல் இல்லாம அறுத்தவங்கள்ல யாரும் வீட்டுக்குப் போகல. அறுக்காம விட்டா நீயும் பிள்ளையும் தாங்க மாட்டீங்க. உங்கிட்ட மறைக்கக் கூடாதுல்ல?"

டாக்டர் போன பிறகு கனி அடுக்களைக்குள் வந்தாள். நேற்றைய பால் மூடிக் கிடந்தது. மூடியை எடுக்காமலே தெரியும்: தண்ணீர் போலத்தான் இருக்கும், லேசாக ஒரு வாடையோடு.

வடிவு செத்தது தனி வார்டில். காய்ச்சல் தொற்றும் என்று யாரையும் விடவில்லை. விட்டிருந்தாலும் யாரும் போயிருக்க மாட்டார்கள். மூடின பெட்டியாகக் கொண்டுபோனார்கள். மறு வாரம் கனி உறை ஊற்றினாள். விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருந்தது. பாத்திரம் மாற்றினாள், பால்காரனை மாற்றினாள், அடுப்பு மூலையிலிருந்து ஜன்னல் ஓரத்துக்கு மாற்றினாள். மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் யாரோ எட்டிப் பார்ப்பது போல் இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. எல்லோரும்தான் வடிவைப் பார்க்கப் போகவில்லை. ஆனால் மற்ற எல்லார் வீட்டிலும் அவள் உறைந்தாள். பாக்கியத்தாய் வீட்டில், மாடிக்கு மாடி, ஊருக்குப் போனவர்கள் வீட்டில்கூட. கனியின் கைக்கு மட்டும் மாட்டேன் என்றாள்.

குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பாலைக் கீழே ஊற்றுவாள். பிறகு தூக்குவாளியோடு கடைசி வீட்டுக்குப் போவாள். அங்கே வடிவின் புருஷன் நயினார் இருந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி போன பிறகும் அவள் பாத்திரத்திலேயே உறை ஊற்றிக்கொண்டிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அகப்பையால் அள்ளி ஊற்றுவார். "வடிவு குடுக்கா, வாங்கிக்கோங்க" என்பார், அவள் உள்ளே குளித்துக்கொண்டிருப்பதைப் போல. அந்தத் தயிரைத்தான் கனி இத்தனை மாதமும் வாயும் வயிறுமாக இருந்த மருமகளுக்குப் போட்டாள்.

கனி செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள். கீழே டாக்டர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா! நில்லுங்க. என் வீட்டுல உறையல."

டாக்டர் ஒரு காலை உள்ளே வைத்தபடியே திரும்பினாள்.

"எப்போலருந்து?"

"அவ போனதுலருந்து."

"இவ்வளவு மாசமா! ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுதீய? செத்தவ என் மேல கோவமா இருக்கான்னா? மாசமா இருக்குற புள்ள இருக்குற வீடு. பாக்கியத்தாய்க்குத் தெரிஞ்சா, கனி வீட்டு அடுப்படியில வடிவு நிக்கான்னு காத்தாலை வரைக்கும் சேதி போயிரும்."

"நிக்கிறாங்களா?"

கனி மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். "நிக்கா" என்றாள்.

டாக்டர் அவளோடு படியேறி வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டு அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். பாலை எடுத்தாள், பாத்திரத்தைத் தடவினாள். ஆணியில் தொங்கிய மத்தில் அவள் கண் நின்றது. மரத்தில் நுணுக்கமாக வெடிப்பு ஓடியிருந்தது.

"இது?"

"அவளுதுதான். மோர் கடைய வாங்கிட்டு வந்தேன். திருப்பிக் குடுக்கதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அதுக்குப் பொறவு எப்படிக் கொண்டுபோய்க் குடுப்பேன்? தினம் அதாலதான் பாலக் கலக்கி விடுவேன். அவளே கலக்கின மாதிரி இருக்கட்டுமேன்னு."

டாக்டர் மத்தை ஒரு பையில் போட்டு மூடினாள். "உறையாத பால என்ன செஞ்சீங்க?"

"கீழ ஊத்துனேன்."

"தினமும்?"

"தினமும்."

டாக்டர் பையைப் பனிப்பெட்டிக்குள் வைத்தாள். "அதுல ஒரு டம்ளர் உங்க மருமக குடிச்சிருந்தா, நான் இன்னிக்கு இங்க வந்திருக்கவே வேண்டாம்."

லேபில் சோதித்தபோது மத்தின் வெடிப்புக்குள் வைரஸ் இருந்தது. எங்கிருந்து வந்து புகுந்தது என்று டாக்டருக்குத் தெரியவில்லை. குழாய்த் தண்ணீரில் வந்திருக்கலாம், சாக்கடையில் இருந்து வந்திருக்கலாம். வடிவின் தயிரைத் தின்றே பிழைத்து, வடிவின் தயிரை மட்டும் தின்னக் கற்றிருந்தது. கனி வெட்கப்பட்டு யாருக்கும் உறை கொடுக்காததால் வெளியே போகாமல் அந்த ஒரு அடுக்களையிலேயே இருந்துவிட்டது.

அடுத்து டாக்டர் நயினார் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கனியையும் கூட்டிக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. தூக்குவாளி எங்க தங்கச்சி?" என்றார் நயினார்.

"தயிருக்கு வரல அண்ணாச்சி. டாக்டரம்மா பேசணுங்காவ."

அவர் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு முறை எழுந்து போய், பாத்திரத்தின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப என் வீட்டு உறைய அழிக்கணும்."

"எல்லா வீட்டுலயும் அழிக்கச் சொல்லிருக்கோம். ப்ளீச்சிங் போட்டு. ஆனா உங்க வீட்டு உறை மட்டும் எங்களுக்கு வேணும். வேற வீட்டுக் கலப்பு இல்லாத உறை அதுதான்."

"அழிக்கணுங்கீய, அப்புறம் வேணுங்கீய. என்ன டாக்டரே இது?"

"வைரஸத் தனியா வளக்க முடியாது. அதுக்குத் தீனி இதுதான். பாலுல வடிவம்மா உறையப் போட்டு வளக்கணும். நல்லாப் பெருகினதும் வைரஸ விடணும். அது இதத் தின்னுட்டுத் தான் பெருகும். அத வடிகட்டினா மருந்து."

"ஒரு தடவைக்கா?"

"இல்ல. மருந்து கொஞ்ச நாளுதான் தாங்கும். இந்த அடுக்குல எல்லாருக்கும் குடுக்கணும், வெளியூர் போனவங்களுக்கும் குடுக்கணும்."

"அப்ப?"

"வாரா வாரம்."

நயினார் தரையைப் பார்த்தார். "வாரா வாரம் வளப்பீய."

"ஆமா."

"வாரா வாரம் கொல்லுவீய."

கனிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"நோவுமா அதுக்கு?" என்றார் நயினார்.

"கிருமிக்கு நோவு தெரியாது அண்ணாச்சி."

"வார்டுலயும் அப்படித்தான் சொன்னாவ. மயக்கத்துல இருக்கா, நோவு தெரியாதுன்னாவ. அவிய என்ன உள்ள இருந்தா பாத்தாவ?"

"அண்ணாச்சி" என்று கனி ஆரம்பித்தாள். "இலக்கியாவுக்கு..."

"தெரியுது தங்கச்சி. நான் மாட்டேன்னு சொன்னேனா?" அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கொடுக்காமல் நின்றார்.

"அங்க பாலு யாரு ஊத்துவா?"

"லேப்ல ஆள் இருக்காங்க."

"அவனுக்கு என்ன தெரியும்? பாலக் காச்சி, விரல வச்சா பொறுக்கணும், அந்தச் சூட்டுல ஊத்துனாத்தான் இவளுக்குப் பிடிக்கும். நான் வாரேன். உறைய வைக்கது மட்டும் நான் செய்யுதேன். மத்தத நீங்க செய்யுங்க. அந்நேரம் நான் இருக்க மாட்டேன்."

அடுக்குமாடி முழுக்க ப்ளீச்சிங் வாடை அடித்தது. பாக்கியத்தாய் தன் தயிரைச் சாக்கடையில் கொட்டும்போது அழுதாள். அழுதபடியே கனியைத் திட்டினாள்.

"ஒன் வீட்டுல உறையலன்னு ஒரு வார்த்த முன்னாலயே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா நீ என் வாசப்படி மிதிச்சிருப்பியா?"

பாக்கியத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போனாள்.

இலக்கியா மருந்தைக் குடித்தாள். இரண்டு நாள் காய்ச்சலும் பேதியுமாகப் படுத்தியது. பிறகு இடம் காலியானது. ஆஸ்பத்திரியின் புதுக் காவலைக் கொடுத்தார்கள், அது உட்கார்ந்தது. வயிற்றைக் கிழித்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் ஏழாம் நாள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். காவல் தூங்கிய பிறகு அந்த அடுக்கில் அறுபட்டுத் திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எட்டித்தான் பார்க்க முடிந்தது. தொடக் கூடாது.

"புதுசாப் பொறந்த பிள்ள குடல் காலி வீடு மாதிரி" என்று டாக்டர் சொல்லிவிட்டாள். "முதல்ல எது போய் உக்காருதோ அதுதான் ஆளும். வடிவம்மா தயிர் உங்க எல்லார் வயித்துலயும் இருக்கு, கையிலயும் இருக்கும். மருந்து குடிச்சுச் சுத்தமானவங்க மட்டும் பிள்ளையத் தூக்கலாம்."

மருந்து வாரத்துக்குச் சிலருக்குத்தான் வந்தது. அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்கு முதலில், பிறகு வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. லீவில் வந்த மிதுனுக்கு, தகப்பன் என்பதால், கொடுத்தார்கள். கனிக்கு முறை வரவில்லை. அவள் தன் வீட்டை மகனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டுப் பாக்கியத்தாய் வீட்டில் படுத்துக்கொண்டாள். காலையும் மாலையும் நடைகூடத்துக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேத்தியைப் பார்ப்பாள். அந்தப் பக்கம் இலக்கியா பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள்.

"யார மாதிரி இருக்கா அத்தே?"

"இங்கருந்து என்ன தெரியுது? மூக்கக் காட்டு. இந்தப் பக்கம் திருப்பு. எப்பா, ஒங்கப்பன் மூக்கேதான்."

"பக்கத்துல வரட்டா?"

"வேண்டாம், வேண்டாம். போ உள்ள. காத்து அடிக்கி."

நயினார் வாரந்தோறும் பால் தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்து கனியிடம் சொல்லுவார்: இன்றைக்குப் பால் கொஞ்சம் தண்ணி. இன்றைக்கு நல்லா எடுத்துக்கிட்டா. கொல்லுவதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஒரு நாள் மட்டும் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"டாக்டர் சொல்லுதாவ, எல்லாம் சாகலியாம் தங்கச்சி. கொஞ்சம் தப்பிச்சிருக்காம். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மாறுதாம்."

"மாறுதுன்னா?"

"வைரஸுக்குப் பிடி குடுக்காம ஒதுங்கப் பாக்காம். வைரஸும் மாறித் துரத்துதாம். இவ மறுபடி ஒதுங்குதாளாம்." அவர் முகத்தில் வடிவு செத்ததிலிருந்து கனி பார்க்காத ஒரு களை இருந்தது. "பொழைக்கப் பாக்கா தங்கச்சி."

அன்று கனிக்குச் சோறு இறங்கவில்லை.

கனியின் முறை வந்தபோது பேத்திக்குத் தலை நின்றிருந்தது. பாக்கியத்தாய் அவளுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுத்தாள். "கல்யாணத்துக்குப் போறவ மாதிரி போ. வந்து புள்ளயத் தூக்கும்போது பழைய சேலையோடயா தூக்குவ?"

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் லேப். கனி உள்ளே போனபோது பெஞ்சில் டம்ளர்களோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். உள் கதவு திறந்து கிடந்தது. அங்கே யாரோ சிரிப்பது கேட்டது. நயினார்தான்.

கண்ணாடிக் குடுவை ஒன்றை அவர் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் டாக்டர் ஷமீமா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, வா, வா. இங்க பாரு." அவர் குடுவையைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். கவிழ்த்தே பிடித்தார். வெள்ளையாக, வழவழப்பாக, அது அப்படியே நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

"என்ன அண்ணாச்சி, இது மருந்து விடாத குடுவையா?"

"விட்டது" என்றாள் டாக்டர். "நேத்தே விட்டாச்சு. எல்லாக் குடுவையிலயும் விட்டாச்சு. எதுவும் சாகல."

"அப்ப எங்களுக்கு..."

"இன்னிக்குக் குடுக்க எதுவும் இல்லம்மா. இருந்த வைரஸ் இனி இதத் தொடாது. திரும்பத் தேடணும். எங்கயாவது, யாரு வீட்டுலயாவது..." எல்லா வீட்டிலும் அவளேதான் ப்ளீச்சிங் போட வைத்திருந்தாள்.

நயினாருக்கு எதுவும் கேட்கவில்லை. குடுவையை நேராக்கி, பிறந்த பிள்ளையை வைத்துக்கொள்வதைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வடிந்தபடி இருந்தது.

கனியின் பைக்குள் போன் அடித்தது. இலக்கியா.

"அத்தே, குடிச்சிட்டியளா? புள்ளயக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சிருக்கேன். எப்ப வாரீய?"

கனி சுவரில் சாய்ந்துகொண்டாள். மறு கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்தும் போதாமல் மறுபடி துடைத்தாள்.

"அத்தே? என்னாச்சு, பேச மாட்டேங்கீய?"

"ஒண்ணும் இல்ல மக்களே" என்றாள் கனி. "வடிவு பொழச்சுக்கிட்டா."